ஒரு வால்வுக்காக நின்ற ஆலைகள்

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை அதிகாலை. ஜப்பானின் கரியா நகரில் ஐசின் செய்கி நிறுவனத்தின் முதலாம் ஆலையில் தீப்பிடித்தது. அந்த ஆலையில் தயாரான பொருள்களுள் ஒன்று 'பி வால்வு'. பிரேக் மிதிக்கும்போது பின்சக்கரங்களுக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தை மட்டுப்படுத்தி, வண்டி சறுக்காமல் காப்பது அதன் வேலை. உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள், விலையும் சில டாலர்தான். டொயோட்டா தன் வண்டிகளுக்கான இந்த வால்வை ஏறக்குறைய முழுவதும் அந்த ஓர் ஆலையிடமிருந்தே வாங்கிவந்தது. கையில் இருந்த சரக்கு சில மணி நேரத்துக்கு மட்டுமே போதும். திங்கள், செவ்வாய்க்குள் ஜப்பானில் டொயோட்டாவின் பெரும்பாலான அசெம்பிளி லைன்கள் ஓய்ந்துவிட்டன. நாளொன்றுக்குப் பதினாலாயிரம் கார்களுக்கு மேல் உருட்டித் தள்ளிய நிறுவனம் அது.

தொடர்ந்து நடந்ததுதான் இன்றுவரை மேலாண்மைப் பாடங்களில் பேசப்படுகிறது. ஐசின் தன் வரைபடங்களைத் திறந்து வைத்தது. கருகாமல் தப்பிய கருவிகளையும் பிறரிடம் கொடுத்தது. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகள் முதல், தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம் வரை, இந்த வால்வைத் தொட்டே பார்த்திராத பலர் கடைசல் இயந்திரங்களை மாற்றியமைத்து இறங்கினார்கள். விலை என்ன, பில் யார் பேருக்கு என்ற பேச்சை அவர்கள் முதலில் எடுக்கவில்லை. நான்கு நாளுக்குள் முதல் வால்வுகள் வந்து சேர்ந்தன. ஒரு வாரத்துக்குள் ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கின.

இந்தச் சம்பவத்தைச் சிலர் கையிருப்பைக் குறைக்கும் முறைக்கு எதிரான சாட்சியாகச் சொல்வார்கள். வேறு சிலர், அந்த முறை வளர்த்த நெருக்கம்தான் மீட்டது என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஓர் உற்பத்தி நிறுவனத்தை நடத்துகிறவர்களுக்கு இதில் முதலில் உறைக்க வேண்டியது வேறொன்று: கொள்முதல் துறையின் கண் எப்போதும் பணம் அதிகம் போகும் இடத்தில் இருக்கிறது. ஆலையை நிறுத்துவதோ பெரும்பாலும் யாரும் கவனிக்காத மலிவான பொருள். கடந்த கால் நூற்றாண்டின் பெரிய விநியோகச் சிக்கல்களை வரிசையாகப் பார்த்தால் இது திரும்பத் திரும்பத் தெரிகிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2000 மார்ச் 17 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் அல்புகர்கியில் இடி விழுந்து பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் சிறு தீ மூண்டது. பத்து நிமிடத்தில் அணைந்தும் போனது. ஆனால் தூசியே நுழையக்கூடாத அறைகளில் புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன. கைப்பேசிகளுக்கான ரேடியோ சிப்களை அந்த ஆலையிடம் வாங்கியவர்களில் முக்கியமான இருவர் பின்லாந்தின் நோக்கியாவும் சுவீடனின் எரிக்சனும். ஒரு வாரம் தாமதமாகும் என்றே பிலிப்ஸ் முதலில் சொன்னது. நோக்கியா அதைக் கேட்டுக்கொண்டாலும் அத்தோடு விடவில்லை. பாதிக்கக்கூடிய சிப்களைத் தனிப் பட்டியலில் ஏற்றி, நாள்தோறும் நிலவரம் கேட்டது. தாமதம் மாதக்கணக்கில் நீளும் என்று புலப்பட்டதும், பிலிப்ஸின் மற்ற ஆலைகளில் மிச்சமிருந்த உற்பத்தித் திறனைப் பேசி வாங்கியது. வேறு சப்ளையர்களையும் பிடித்தது. எரிக்சனில் செய்தி கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது, மேலே போய்ச் சேர்ந்தபோது மாற்று வழி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. செலவைக் குறைப்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அது இரண்டாம் சப்ளையர்களைக் கழற்றிவிட்டிருந்தது. சுமார் 40 கோடி டாலர் விற்பனையை அது இழந்தது. அடுத்த ஆண்டே அதன் கைப்பேசித் தொழில் சோனியுடன் கூட்டு நிறுவனமாக மாறியது. அந்த முடிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும் இந்தத் தீயின் பங்கு சிறிதல்ல.

ஆபத்தை முன்கூட்டியே அறிந்துவிட முடியாது. இடி எங்கே விழும் என்று நோக்கியாவுக்கும் தெரியாது. அது கெட்ட செய்தியை வேகமாக மேலே ஏற்றும் வழியை வைத்திருந்தது, கிடைத்த வேறுபாடு பெரும்பாலும் அதிலிருந்து வந்தது.

2011 இந்தக் கதையின் திருப்புமுனை. மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்கைப் புரட்டிய நிலநடுக்கமும் சுனாமியும் இபராகி மாவட்டத்தில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையை முடக்கின. வண்டியின் எஞ்சின், பிரேக், கதவு என்று எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் சிறு சிப்களில் அன்று உலகின் மிகப் பெரிய உற்பத்தியாளர் ரெனசாஸ்தான். வாகன நிறுவனங்களே ஆட்களை அனுப்பி, நாளொன்றுக்கு 2,500 பேர்வரை அந்த ஆலையில் வேலை செய்து, ஜூனில் அதை மீண்டும் இயக்க வைத்தார்கள். அதே வேளையில் ஃபுகுஷிமா மாவட்டத்தின் ஒனஹாமாவில் ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்தின் ஆலையும் மூடப்பட்டது. கார் பெயின்டுக்கு மினுமினுப்புத் தரும் 'சிராலிக்' என்ற நிறமியை உலகிலேயே அந்த ஓர் ஆலைதான் தயாரித்தது. அமெரிக்காவில் ஃபோர்டு சில கறுப்பு, சிவப்பு நிற வண்டிகளுக்கு ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவைத்தது.

டொயோட்டாவின் அதிர்ச்சி இன்னும் ஆழமானது. அடியில் போகப்போகச் சப்ளையர் கூட்டம் விரிந்துகொண்டே போகும், எங்கேயாவது ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்கிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தேடிப் பார்த்தபோது, தன்னிடம் நேரடியாக விற்கும் பல நிறுவனங்கள் மூன்றாம் நான்காம் படியில் ஒரே ஆலையை நம்பியிருந்தது தெரியவந்தது. இரண்டு சப்ளையர் இருக்கிறார்கள் என்ற நிம்மதி காகிதத்தில் மட்டுமே இருந்தது. அதன் பிறகுதான் டொயோட்டா 'ரெஸ்க்யூ' என்ற தரவுத்தளத்தை எழுப்பியது. எந்தப் பாகம் எந்த ஊரில், எந்தக் கூரையின் கீழ் உருவாகிறது என்று பல படிகள் கீழே இறங்கிப் பதிந்துகொண்டது. மீள அதிக நாள் பிடிக்கும் சிப் போன்றவற்றில் மட்டும், இரண்டு முதல் ஆறு மாதத்துக்கான சரக்கைச் சப்ளையர்களே வைத்திருக்கச் சொன்னது. கையிருப்பைக் கழிவு என்று உலகுக்குச் சொல்லிக்கொடுத்த நிறுவனமே எங்கே அது கழிவல்ல என்று பொறுக்கியெடுத்தது.

பலன் 2021இல் தெரிந்தது. கொரோனா தொடங்கிய 2020இல் கார் விற்பனை சரிந்தபோது வாகன நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை அவசரமாக ரத்து செய்தன. அந்த இடத்தை மடிக்கணினியும் கைப்பேசியும் நிரப்பிவிட்டன. விற்பனை எதிர்பார்த்ததைவிட விரைவாக மீண்டு, வாகன நிறுவனங்கள் திரும்பி வந்தபோது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருந்தது. பயத்தில் ஒருவர் இரண்டு மடங்கு ஆர்டர் போட, அவருக்குக் கீழே உள்ளவர் மூன்று மடங்கு போட, உண்மையான தேவை எவ்வளவு என்பதே யாருக்கும் தெரியாமல் போனது. கடையில் ஏற்படும் சிறு அசைவு ஆலைக்குப் போய்ச் சேரும்போது பேரலையாவதை 1990களிலேயே ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஹாவ் லீ குழந்தைகளுக்கான டயாப்பர் விற்பனையை வைத்து விளக்கியிருந்தார். 2021இல் உலகம் முழுக்கச் சுமார் 77 லட்சம் வண்டிகளின் உற்பத்தி போகும் என்று அலிக்ஸ்பார்ட்னர்ஸ் ஆலோசனை நிறுவனம் மதிப்பிட்டது. முதல் பாதியில் டொயோட்டா பெரிதாகத் தடுமாறவில்லை. ஆனால் தென்கிழக்கு ஆசியாவின் ஆலைகள் தொற்றால் மூடியபோது, அதுவும் செப்டம்பர் மாத உற்பத்தித் திட்டத்தில் 40 விழுக்காட்டைக் குறைக்க நேர்ந்தது. சேமிப்பு காலத்தை வாங்கித் தருகிறது. அந்தக் காலத்தில் வேறு வழி பிறக்காவிட்டால் சேமிப்பும் தீர்ந்துபோகும்.

காலம் என்ற இந்த அளவைத்தான் இத்துறையின் ஆய்வுகளும் மெல்ல வந்தடைந்தன. 1983இல் பீட்டர் கிரால்ஜிக் எழுதிய கட்டுரை கொள்முதல் பொருள்களை நான்காகப் பிரித்தது: லாபத்தில் பங்கு அதிகமா குறைவா, கிடைப்பது எளிதா கடினமா என்ற இரு கேள்விகள் அதற்கு அடிப்படை. மலிவானது, ஆனால் கிடைப்பது கடினம் என்ற கட்டத்தை அவர் 'இடுக்கு' என்று பிரித்துக் காட்டினார். பி வால்வும் சிராலிக்கும் அந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. பிறகு வந்த பலர் ஆபத்துகளை அவை நிகழக்கூடிய வாய்ப்பால் எடைபோட முயன்றார்கள். வெள்ளத்துக்கு இத்தனை விழுக்காடு, தீக்கு இத்தனை விழுக்காடு என்று சிவப்பு, மஞ்சள், பச்சை நிறத்தில் அட்டவணைகள் உருவாயின. பல நிறுவனங்களில் இன்றும் தணிக்கைக்கு முந்தைய வாரம் தூசி தட்டப்படுவது இந்த அட்டவணைதான். நூறாண்டில் ஒருமுறை வரும் சுனாமிக்கு விழுக்காடு போட்டு ஒருவருக்கும் பயன் விளைந்ததில்லை.

எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவி ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2010களில் செய்த பணி இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வழி காட்டியது. என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்பதை விட்டுவிடுங்கள். எந்தக் காரணத்தாலோ இந்த ஆலை நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு இரண்டே கேள்விகள் கேளுங்கள் என்றார்கள் அவர்கள். அது மீண்டு எழ எத்தனை நாள் ஆகும்? அது இல்லாமல் நம்மால் எத்தனை நாள் ஓட்ட முடியும்? முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்கும் இடங்கள்தான் உண்மையான ஆபத்து. ஃபோர்டின் ஆயிரக்கணக்கான சப்ளையர் ஆலைகளை இப்படிக் கணக்கிட்டபோது, பல ஆலைகள் நின்றாலும் லாபத்தில் கீறல் விழாது என்று தெரிந்தது. பெரும் அடி தரக்கூடியவற்றில், ஃபோர்டு ஆண்டுக்குச் சொற்பத் தொகையே செலவிடும் சப்ளையர்கள் பலர் இருந்தார்கள்.

இந்தக் கணக்கைப் போட பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. ஓர் உதாரணம் போதும். அம்பத்தூரிலோ கோவையிலோ ஒரு நடுத்தர பம்ப் நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். ரப்பர் சீல் ஒன்றை ஒரே பட்டறையில் வாங்குகிறது. கிடங்கில் பன்னிரண்டு நாள் சரக்கு இருக்கிறது. அந்தப் பட்டறை நின்றால், வேறிடத்தில் மோல்டு செய்ய ஆறு வாரம், மாதிரி ஓட்டிச் சோதிக்க இரண்டு வாரம், வாடிக்கையாளரின் ஒப்புதலுக்கு இன்னும் சில வாரம். பன்னிரண்டு நாளும் பத்து வாரமும் எதிரெதிரே நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு மோல்டைக் கூடுதலாகச் செய்து வேறொரு பட்டறையில் வைத்து, மாதத்துக்கு இருநூறு சீல் அங்கேயும் ஓட்டிக்கொண்டிருந்தால் பத்து வாரம் ஒரு வாரமாகச் சுருங்கும். அந்த இருநூறு சீலும் கொஞ்சம் விலை கூடவே விழும். பெயரளவில் 'இரண்டாம் வெண்டர்' என்று பட்டியலில் எழுதிவைத்து ஒருமுறைகூட ஆர்டர் கொடுக்காதவரை நெருக்கடியில் கூப்பிட்டால், அவரிடம் மோல்டும் இருக்காது, நம் வேலைக்கு நேரமும் இருக்காது.

இரண்டாம் ஆளை எங்கே தேடுவது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். 2011 அக்டோபரில் தாய்லாந்தின் சாவோ பிரயா ஆறு பெருகி, அயுத்தயா, பதும் தானி மாகாணங்களில் ஏழு தொழிற்பேட்டைகளை மூழ்கடித்தது. ஹோண்டாவின் கார் ஆலைக்குள் வெள்ளம் புகுந்தது. அது மீண்டும் உற்பத்தியைத் தொடங்க மறு ஆண்டு மார்ச் ஆனது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலையும், அதற்குப் பாகம் கொடுப்பவர்களின் ஆலைகளும் அதே ஆற்றுப்படுகையில் இருந்ததால் ஹார்டு டிஸ்க்கின் விலை உலகெங்கும் எகிறியது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியபோதும் இதே நிலைதான். மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று அடுத்தடுத்து உற்பத்தியை நிறுத்தின. ஆலைக்குள் தண்ணீர் வராத இடத்திலும் வேலைக்கு ஆள் வர வழியில்லை, லாரி வர சாலையில்லை. சப்ளையர்கள் பக்கத்திலேயே இருப்பது செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. ஒரே மழையில் எல்லோரும் சேர்ந்து நனைவதும் அதனால்தான். ஒரே பேட்டையில் இருக்கும் இரண்டு வெண்டர்களை ஆபத்துக் கணக்கில் ஒருவராகவே எண்ண வேண்டும்.

வெள்ளமும் தீயும் செய்தியாகின்றன. சிறு சப்ளையர் பணமில்லாமல் சாவது செய்தியாவதில்லை. முதலில் சம்பளம் தள்ளிப்போகும். பிறகு மூலப்பொருள் சில்லறையாக வாங்கப்படும், இயந்திரப் பராமரிப்பு நின்றுபோகும், ரிஜெக்‌ஷன் கூடும். கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஷட்டர் திறக்காது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது என்கிறது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும், அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, அதைக் கொடுத்துத் தீர்க்கும் ஆண்டுவரை செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. அது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆபத்து மேலாண்மைக்கு ஆலோசகர்களை அமர்த்தும் நிறுவனங்கள் அதற்கு முன்பு தங்கள் பாக்கிப் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆலையை நிறுத்தக்கூடிய இடுக்குப் பாகம் தருபவருக்குத் தொண்ணூறு நாள் கடன் சொல்வது, நிறுவனம் தன் கையாலேயே உருவாக்கும் ஆபத்து. தடுப்பதற்கு மிகக் குறைந்த செலவு பிடிக்கும் ஆபத்தும் அதுதான்.

உறவு கசந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஆகஸ்ட் சாட்சி. இருக்கை உறையும் கியர் பெட்டி வார்ப்பும் தந்துவந்த பிரிவென்ட் குழுமத்துக்கும் ஃபோக்ஸ்வாகனுக்கும் இடையே ஒப்பந்தத் தகராறு முற்றி, சரக்கு நின்றது. ஜெர்மனியில் சுமார் 28,000 தொழிலாளர்களின் வேலை பாதித்தது. இதற்கு நேர்மாறானது 2012 மார்ச் இறுதியில் ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் ரசாயன ஆலை வெடித்த பிறகு நடந்தது. எரிபொருள், பிரேக் குழாய்களுக்கான ஒரு வகை நைலானுக்குத் தேவையான வேதிப்பொருள் அங்கே உருவானது. மூன்று வாரத்துக்குள் டெட்ராய்ட் அருகே, போட்டியாளர்களான வாகன நிறுவனங்களும் சப்ளையர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, மாற்றுப் பொருளை வேகமாகச் சோதித்து ஏற்கும் முறையை வகுத்தார்கள்.

கணினி வழியாக வரும் ஆபத்து புதியது, ஆனால் அமைப்பு பழையதே. 2022 மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் ஒரு நாள் நின்றன. தாக்கப்பட்டது டொயோட்டாவின் கணினி அல்ல. பிளாஸ்டிக் பாகங்கள் தரும் கோஜிமா என்ற சப்ளையரின் கணினி. 2025 செப்டம்பரில் டாட்டாவின் ஜாகுவார் லேண்ட் ரோவர் இணையத் தாக்குதலால் ஒரு மாதத்துக்கு மேல் உற்பத்தி இழந்தபோது, அடிவிழுந்தது அதைச் சார்ந்த சிறு சப்ளையர்களுக்கும்தான். பிரிட்டன் அரசு 150 கோடி பவுண்டு கடனுக்கு உத்தரவாதம் தர முன்வந்தது. சங்கிலியில் ஆபத்து கீழிருந்து மேலே மட்டும் ஏறுவதில்லை. பெரியவர் விழுந்தால் சிறியவர் எத்தனை வாரம் தாங்குவார் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இப்போது தொழில்துறையை அதிகம் உலுக்குவது அரசுகளின் முடிவு. 2025 ஏப்ரல் 4 அன்று சீனா, டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்ட காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. ஃபோர்டு மே மாதம் சிகாகோவில் எக்ஸ்புளோரர் உற்பத்தியை ஒரு வாரம் நிறுத்தியது. சுசூகி ஜப்பானில் ஸ்விஃப்ட் உற்பத்தியை நிறுத்தியது. இரண்டுமே முழு மின்வண்டிகள் அல்ல. ஸ்டீயரிங், இருக்கை, பம்ப் என்று இன்றைய காரில் எங்கெல்லாம் சிறு மோட்டார் சுழல்கிறதோ அங்கெல்லாம் காந்தம் உண்டு. இந்தியாவில் பஜாஜ் ஆட்டோவின் சேத்தக் மின்ஸ்கூட்டர் உற்பத்தி ஆகஸ்டில் அடிபட்டது. அதே ஆண்டு அக்டோபரில், நெதர்லாந்து அரசு, சீன உரிமையிலுள்ள நெக்ஸ்பீரியா சிப் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை எடுத்ததற்குப் பதிலடியாக அதன் சீன ஆலையின் ஏற்றுமதியைச் சீனா தடுத்தது. அந்த நிறுவனம் ஐரோப்பாவில் உருவாக்கிய சிப் தகடுகளில் பெரும்பகுதி சீனாவுக்குப் போய்த்தான் உறையிடப்பட்டுத் திரும்பிவந்தது. மிக எளிய, மிக மலிவான அந்தச் சிப்கள் இல்லாமல் மெக்சிகோவில் ஹோண்டாவின் ஆலை நின்றது.

காந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து பிரிக்கும் மோனசைட்டில் நியோடிமியம் இருக்கிறது, தோரியமும் இருக்கிறது. அந்த மணலுக்கும் ஓசூரில் மின்ஸ்கூட்டருக்குள் சுழலும் மோட்டாருக்கும் இடையே ஆக்சைடு, உலோகம், உலோகக்கலவை, காந்தம் என்று படிகள் உண்டு. கடைசிப் படிகளில் உலகின் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. அகழ்வை விரிவாக்கும் திட்டத்துக்குக் கிள்ளியூர் வட்டாரக் கடலோர ஊர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்திருக்கின்றன. கதிர்வீச்சும் கரை அரிப்பும் அந்த மக்கள் அன்றாடம் அஞ்சி வாழும் விஷயங்கள். தொழிற்சாலையின் ஆபத்தை நீக்குவதாகச் சொல்லி அதை மீனவக் குடும்பங்களின் தலையில் இறக்கிவைப்பதை மேலாண்மை என்று சொல்ல முடியாது.

2025 நவம்பரில் ஒன்றிய அரசு 7,280 கோடி ரூபாயில் ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறனை உள்நாட்டில் உருவாக்கத் திட்டம் அறிவித்தது. ஆலை எழுப்பவே இரண்டு ஆண்டு அதில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மோட்டார் நிறுவனம் வைத்திருக்கும் காந்தக் கையிருப்போ வாரக்கணக்கில்தான். இந்த இரண்டு காலத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தை அரசாணையால் நிரப்ப முடியாது. வடிவமைப்பு மேசையில்தான் முடியும். டிஸ்ப்ரோசியம், டெர்பியம் சேராத காந்தத்துக்கு மாறினால் சூட்டில் அதன் வலு குறையும், எனவே மோட்டாரின் குளிர்விப்பைத் திருத்த வேண்டும். ஃபெர்ரைட் காந்தத்துக்குப் போனால் மோட்டார் பெரிதாகும், அதை ஏற்க வண்டியின் சட்டத்தில் இடம் வேண்டும். எந்த வழியில் போனாலும் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றி, வெயிலிலும் மேட்டிலும் ஓட்டிப் பார்த்து, மீண்டும் சான்று வாங்க வேண்டும். இவை எல்லாவற்றையும் உரிமம் தடையின்றி வந்துகொண்டிருக்கும் மாதங்களிலேயே செய்து முடித்து வைக்கலாம். அதற்கான செலவை, விலையை எவ்வளவு குறைத்தார் என்பதை மட்டும் வைத்துக் கொள்முதல் அதிகாரியை மதிப்பிடும் நிறுவனம் ஒப்புக்கொள்வது கடினம். எத்தனை இடுக்குப் பாகங்களின் மீட்பு நாளைச் சுருக்கினார் என்ற இன்னொரு வரியை அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் சேர்ப்பதிலிருந்து அந்த நிறுவனங்கள் தொடங்கலாம்.